கலிவிக்கோடி தேடிப் போன டீச்சர்

வெரோனிகா டீச்சருக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. சாந்தோமில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும்போதும் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டேயிருப்பாள். பூசையில் பிரசங்கம் நீண்டால் முக்காட்டு ஓரத்தைத் திருகுவாள். சனிக்கிழமையானால் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரையோடு தெற்கே நடந்து அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய்விடுவாள். உள்ளான்களையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, கணுக்கால்வரை சேறோடு வீடு திரும்புவாள்.

"கண்ணாலம் ஆவாத பொம்பள ஆத்தங்கரையில ஒண்டியா இன்னா பண்ணிக்கினு கீது?" என்று முதலில் முணுமுணுத்தவள் குப்பத்தில் மீன் விற்கும் பச்சையம்மா. நாளடைவில் அவளே, "டீச்சரே, அந்தத் திட்டாண்ட புச்சா ஏதோ வந்து குந்திக்கினு கீது, போய்ப் பாரு" என்று கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

1932இல், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வேதநாயகத்துக்குத் தபால் ஆபீசில் வேலை, மனைவியை இழந்தவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் அகஸ்டினுக்கு மிகவும் பிடித்துப்போனது. வெரோனிகா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பாஸ்குத் திருநாள் முடிந்து அடுத்த ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கும்படி அகஸ்டின் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஆற்றங்கரைக்குப் போனாலும் பாதியில் திரும்பிவந்தாள்.

அவள் மனதை வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. எழும்பூர் மியூசியத்தில் ஓர் அதிகாரி, அவள் ஓயாமல் கேட்கும் கேள்விகளைச் சகித்துக்கொண்டவர், ஒருநாள் வண்ணப்படம் ஒன்றைக் காட்டியிருந்தார். நீண்ட கால், பெரிய கண், நெஞ்சின் குறுக்கே இரண்டு பட்டை. கடப்பைப் பக்கம் வடபெண்ணை ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்தை ஒட்டிய முள்காட்டில் இருந்த பறவை, தெலுங்கில் கலிவிக்கோடி, அதாவது களாப்புதர்க் கோழி, என்பார்கள், பல வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை என்றார். "பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. பறவையின் தோல் வேண்டும்" என்றும் சொன்னார்.

அந்தப் பக்கம் ஜம்மலமடுகில்தான் அவள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஜைதூன் பீயின் தங்கை ஜஹீதாவைக் கொடுத்திருந்தது. தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் பாஸ்கு விடுமுறையில் ஜைதூன் பீ புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றாள் வெரோனிகா.

"அங்க வெயிலு மண்டைய பொளந்துடும் டீச்சரம்மா. உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"ஒரு பறவையைப் பார்க்கணும்."

"ஏன், மைலாப்பூர்ல காக்கா இல்லியா?" என்று சிரித்தாலும் கூட்டிப்போனாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேரு" என்று மட்டும் அகஸ்டின் சொன்னான்.

ரயிலில் முத்தனூர், அங்கிருந்து பஸ்சில் ஜம்மலமடுகு, பிறகு மாட்டுவண்டி. கண்டிக்கோட்டைக்குப் பின்னால் தரை திடீரென்று அறுந்து நின்றது. செங்கல் அடுக்கினாற்போல் இரு பக்கமும் சிவந்த பாறைச் சுவர்கள்; கீழே, வெகு ஆழத்தில், பச்சைக் கயிறாக ஆறு. ஜைதூன் பீ கண்ணை மூடிக்கொண்டாள். வெரோனிகா விளிம்போரமாகவே நடந்தாள்.

சுற்றிலும் ரிசர்வ் காடு. ரேஞ்சர் பஞ்சாட்சரம் சித்தூர்க்காரர். ஜஹீதாவின் புருஷனுக்குத் தெரிந்தவர் என்பதால் உள்ளே விட்டார். துப்பாக்கியோடு கூட வரவேண்டும் என்று அவரைக் கேட்டவள் வெரோனிகாதான்.

அந்தி சாயும்போதுதான் அது வெளியே வரும் என்று கேள்வி. மூவரும் இரண்டு சாயங்காலம் காத்திருந்தும் காடை, கௌதாரி தவிர ஒன்றும் வரவில்லை.

"அம்மா, கொஞ்சம் அசையாம இருங்க. இப்படி எழுந்து எழுந்து நடந்தா எது வரும்?" என்றார் ரேஞ்சர்.

"என்னால முடியல சார்."

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் பொறுமையிழந்து எழுந்து, களாப்புதர்களுக்கு நடுவே விறுவிறுவென்று போனாள். காலடியிலிருந்து கிளம்பியதுபோல் ஒரு பறவை ஓடியது. பறக்கவில்லை, ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. நெஞ்சில் இரண்டு பட்டை. மங்கிய வெளிச்சத்திலும் அந்தப் பெரிய கண் தெரிந்தது. பின்னால் துப்பாக்கியின் குதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

வெரோனிகா கைகளைப் படாரென்று தட்டினாள். "ஓடு!" என்று கத்தினாள். பறவை புதருக்குள் மறைந்தது.

"நீங்கதானேம்மா சுடச் சொன்னீங்க?" பஞ்சாட்சரத்துக்கு ஆத்திரம்.

"ஆமா."

"அப்புறம் ஏன் விரட்டினீங்க?"

"தெரியல சார்."

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நிமிடமே அய்யோ என்று தலையில் அடித்துக்கொண்டு, முள் சேலையைக் கிழிக்க, புதர் புதராகத் தேடினாள். ஜைதூன் பீதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"உசுரோட போச்சுல்ல, வுடுங்க."

"யாரும் நம்ப மாட்டாங்க ஜைதூன்."

"நானும் பார்த்தேன். என் பேச்ச எவன் கேப்பான்?"

அப்படியே ஆயிற்று. மியூசியத்து அதிகாரி மரியாதையாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது பறவையாக இருக்கலாம் என்றார். பஞ்சாட்சரத்தை விசாரித்தபோது, வெளிச்சம் போதவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம்.

அதற்கெல்லாம் முன்பே, ஞாயிறு காலை சென்ட்ரலில் இறங்கியதும், புழுதிச் சேலையோடு அவள் நேரே சாமியாரிடம் போயிருந்தாள். ஓலை வாசிக்க வேண்டாம் என்றாள். வேதநாயகத்திடமும் கோவில் வாசலில் தானே சொன்னாள். அவர் முகம் சிறுத்தது. "வாசிச்ச பிறகு சொல்லாம இருந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லி உள்ளே போனார்.

வீட்டில் அகஸ்டின் கத்தினான். "ஒரு குருவிக்காகவா?"

"குருவிக்காக இல்லண்ணே. அந்த வீட்டுக்குப் போனா நான் நல்லா இருக்க மாட்டேன். இதை முதல்லயே சொல்லியிருக்கணும், தைரியம் வரல."

அண்ணன் வெகுநாள் பேசவில்லை. மறுவருஷம் கடப்பையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்க, தகரப்பெட்டியோடு அவள் போய்விட்டாள். தெலுங்கு கற்றுக்கொண்டாள். விடுமுறைதோறும் ஆற்றுப் பிளவுக்குப் போவாள். தங்கையைப் பார்க்க வரும்போது ஜைதூன் பீ கடப்பையில் இறங்கினால், பல சமயம் வீடு பூட்டியிருக்கும். பறவை மறுபடி அவள் கண்ணில் படவேயில்லை. படாததால் கோபம் வரும், இனி போகமாட்டேன் என்பாள், அடுத்த விடுமுறையில் போவாள்.

1938இல் அகஸ்டின் முதன்முறையாக அவளைப் பார்க்க வந்தான். அங்கே கூட்டிப்போனாள். பாறை விளிம்பில் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கீழே பார்த்தான்.

"எந்தப் பக்கம் பார்த்தே?" என்று கேட்டான்.

அவள் புதர்களைக் காட்டினாள். இருட்டத் தொடங்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பக்கமாக நடந்து தேடினார்கள்.