ஐந்து ஸ்பூன் உப்பு

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதுகிற அண்ணிமார் எத்தனை பேர் இருப்பார்களோ, தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்தியச் சாப்பாடு சமைக்கிறாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் பதினொரு பேர் அவள் பொறுப்பு. டாக்டரம்மா எழுதி அனுப்புவதெல்லாம் கிராமில் இருக்கும். சமையலறைத் தராசோ மூட்டை நிறுப்பது. ஐம்பது கிராமுக்குக் கீழே முள் அசையாது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? மாவு, சர்க்கரை, பருப்பு, உப்பு என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு தெருமுனை நகைப் பட்டறைக்குப் போனாள். தங்கம் நிறுக்கிற தராசில் வைத்து, ஸ்பூனுக்கு எத்தனை கிராம், டம்ளருக்கு எத்தனை கிராம் என்று எழுதி வந்தாள். சலித்த மாவு தனி, சலிக்காத மாவு தனி. "உன் கல்யாண நகையைக்கூட நாங்க இத்தனை தடவை நிறுக்கலடி" என்று அவள் அண்ணன் கேலி செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டி, மூன்று வருஷம் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சமைத்தார்கள்.

போன வருஷம், அவள் வேலை நிரந்தரமாகிற காகிதம் வரவேண்டிய மாதம் அது. ஒரு நாள் பதினொரு மணி முறை வேலைக்குப் போனபோது மதியச் சாப்பாட்டு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. எதற்கோ உப்பு ஜாடியைத் திறந்திருக்கிறாள். உள்ளே கல்லுப்பு இல்லை. மாவு மாதிரித் தூளுப்பு. ஸ்டோரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காலை முறையில் சமைத்த இன்னொரு சமையல்கார அம்மா, சீட்டில் உள்ளபடி தலைதட்டி ஐந்து ஸ்பூன் போட்டதாகச் சொன்னாள்.

கல்லுப்பு சந்து விட்டு உட்காரும். ஸ்பூனுக்கு நாலரை கிராம். ஆளுக்கு இரண்டு கிராம் கணக்குக்கு ஐந்து ஸ்பூன் சரியாக இருக்கும். தூளுப்பு நெருக்கி உட்காருமே! இவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். உப்பு என்றால் உப்புதானே, நேரமாகிறது, தள்ளி நில் என்றார்.

"ஸ்பூன் அதேதான் சார். உள்ள இருக்கறது அதே இல்ல."

கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டச் சொன்னார். அவர்களுக்குத் தண்ணீரும் அளந்துதான் என்றாள். அவர் காலையில் சமைத்த அம்மாவைப் பார்த்து, சாப்பாடு தாமதமானால் நீதான் பதில் சொல்லவேண்டும் என்றார்.

"அவங்க மேல தப்பில்ல சார். சீட்டு எழுதுனது நான். உப்புன்னுதான் எழுதினேன், எந்த உப்புன்னு எழுதல. எம்பேர எழுதிக்கோங்க. இந்தச் சாப்பாடு போகாது."

எழுதிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. காகிதமும் அந்த மாதமே வந்திருக்கும். அவள் அடுப்பை மூட்டி மறுபடி சமைத்தாள். அதற்குள் டாக்டரம்மா வந்து, இரண்டு உப்பிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துப்போய்ப் பரிசோதனைக் கூடத்துத் தராசில் வைத்துப் பார்த்தார். கல்லுப்பு நாலரை. தூளுப்பு ஆறு. ஐந்து ஸ்பூனுக்கு முப்பது கிராம்!

சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம். அந்தப் புகாரால் காகிதம் நான்கு மாதம் தள்ளிப்போனது. வந்த நாளில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தோம். இப்போது சமையலறைக்குச் சின்னத் தராசு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். புதுச் சீட்டையும் அவளே எழுதினாள்; உப்புக்கு மட்டும் இரண்டு வரி.

அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு ஏன் தாமதமானது என்று தெரியாது. இரண்டு பேர் சத்தம்கூடப் போட்டார்களாம். "பசி, பாவம், திட்டட்டும் அண்ணி" என்றாள். ஆண்டவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதால் எழுதி வைக்கிறேன்.