அந்தோனியாரின் கூட்டில் கடற்குதிரைகள்

என் தங்கச்சி எங்கள் அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிட்டாள். அவளில் பிழையில்லை. அவள் பிறந்தது இந்தியாவில், அகதி முகாமில். அங்கே மீசை வைத்த ஆண்கள் எல்லோரும் அவளுக்கு மாமாதான். நாங்கள் மன்னாரை விட்டுப் போன அன்று படகில் ஓர் ஆளுக்கு இடம் குறைந்தது. அடுத்த படகில் வருவதாகச் சொல்லி அப்பா கரையில் நின்றுகொண்டார். அடுத்த படகு புறப்படவே இல்லை. வயிற்றில் தங்கச்சியோடு ஏறிய அம்மா, நாலு வருடம் கழித்து, சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய ஒரு காலத்தில், இடுப்பில் தங்கச்சியோடு வந்து இறங்கினார்.

மன்னார் ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா புதுச் சாரம் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்கோ மகள்" என்று கையை நீட்டினார். அவள் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அன்று இரவு முள் எடுத்த மீன் துண்டொன்றை அவளுடைய வாயருகே கொண்டுபோனார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த மீனை எனக்குத் தந்தார். எனக்கு அது லாபமாகப் பட்டது.

நாட்கள் போயும் அவள் அவருக்குக் கிட்டப் போகவில்லை. "அப்பா எண்டு கூப்பிடு பாப்பம்" என்று அம்மா அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். "சும்மா விடு. வாற நேரம் வரட்டும்" என்பார் அப்பா. சொல்லிவிட்டு, செய்ய வேலை எதுவும் இல்லாத வலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் கடலால் வந்த அப்பா, வள்ளத்துத் தண்ணீர் இறைக்கிற தகரப்பேணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு கடற்குதிரைகள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வலையில் சிக்குகிற கடற்குதிரைகளை எங்கள் ஊரில் பலகையில் பரப்பிக் காயவைப்பார்கள். கடலட்டை வாங்க வருகிற முதலாளி அவற்றையும் சேர்த்து வாங்கிப்போவார், எங்கோ தூர தேசத்தில் மருந்துக்காம். குச்சி குச்சியாய்க் காய்ந்து கிடந்தவற்றைத்தான் நான் பார்த்திருந்தேன். இவையோ உயிரோடு, நிமிர்ந்து, வாலை வாலில் கோத்தபடி தகரப்பேணிக்குள் நின்றன.

அவற்றை எதில் விடுவது? எங்கள் வீட்டில் கண்ணாடி என்று மிஞ்சியிருந்தது புனித அந்தோனியாரின் சிலை நின்ற கூடு மட்டும்தான். அந்தோனியார் சுரூபம் துவாயில் சுற்றியபடி எங்களோடு இந்தியா போய் வந்தது. கூடு அப்பாவோடு இங்கேயே நின்றது. அப்பா சுரூபத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டை மல்லாத்திக் கதவை மேலாக்கினார்.

"நாங்கள் எல்லாரும் வந்து குடியேறியாச்சு. அவர் மட்டும் இன்னும் அகதியோ?" என்று அம்மா கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குத்தானே. மேல நிண்டு வீட்டைப் பாக்கட்டும்."

வள்ளத்துப் பலகை நீக்கலுக்குப் பூசுகிற குங்கிலியத்தை உருக்கி மூலைகளில் விட்டார். அப்படியும் ஒரு மூலை கசிந்தது. அதன் கீழே ஒரு சிரட்டையை வைத்தார். அடியில் மணல், அதில் கடலில் பிடுங்கிவந்த சாதாளைப் புல், காலையும் மாலையும் புதுக் கடல்தண்ணீர். மாலைச் செபத்துக்கு முழந்தாளிட்டால் பழக்கதோஷத்தில் எங்கள் முகமெல்லாம் அலுமாரிக்குப் போகாமல் கூட்டை நோக்கியே திரும்பின. புல்லில் வாலைச் சுற்றி, தலையைக் கவிழ்த்து, எங்களைவிடப் பக்தியாக அவை நின்றன.

அவை செத்த எதையும் தின்னவில்லை. உயிரோடு துடிக்க வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவில். அப்பா கரையோரப் புல்லுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டால் வடித்துக் கூனி கொண்டுவருவார். கூனி என்பது இறாலின் பொடிப்பிள்ளை மாதிரி இருக்கும். அதைக் கூட்டில் விட்டதும் தங்கச்சி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். நானும்தான்.

கடற்குதிரையின் ஒரு கண் முன்னால் பார்க்கும், மறு கண் தன் பாட்டில் பின்னால் திரும்பும். அவசரமே இல்லை. காற்றில்லாத பொழுதில் கொடி சாய்வதுபோலத் தலை சாயும். கூனி கிட்ட வரும்வரை ஒரு அசைவு இராது. பிறகு "டிக்" என்று ஒரு சத்தம். சத்தம் கேட்கும்போது அங்கே கூனி இராது. போன வழியை ஒருநாளும் என் கண் பிடிக்கவில்லை. அவற்றுக்கு இரைப்பை என்று ஒன்று இல்லை, தின்றது தங்காது, அதனால்தான் ஓயாமல் தின்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் பிறகு படித்தேன். ஆனால் இரண்டில் ஒன்றுக்கு வயிறு பானைபோல இருந்தது. அப்பா அதற்கு "வண்டியர்" என்று பெயர் வைத்தார்; வண்டி என்றால் எங்கள் பேச்சில் தொந்தி. மற்றது மெலிந்தது.

தங்கச்சி அப்பாவோடு பேசத் தொடங்கினாள். பேச்செல்லாம் அந்த இரண்டு பிராணிகளைப் பற்றித்தான். "மாமா, குண்டு நிறைய சாப்புட்டுச்சு. ஒல்லிக்குக் கெடைக்கல." அப்பா அரசாங்கக் கந்தோர் அதிகாரிக்கு முன்னால் நிற்பவர்போல நின்று கேட்பார். "ஓம் மகள். பின்னேரம் இன்னும் கொண்டு வாறன்."

பிறகு கச்சான் காற்று எழும்பியது. கடல் சேறாய்க் கலங்கியது. அப்பா கழுத்தளவில் நின்று வடித்தும் துணியில் மணல்தான் மிஞ்சியது. கண் சிவந்து திரும்புவார், பேணியில் நாலைந்து கூனி. பசியில் கடற்குதிரைகள் வெறும் தண்ணீரைப் பார்த்து "டிக்" என்றன.

அதைப் பொறுக்காமல் தங்கச்சி தன் கோப்பையில் இருந்த சோற்றைக் கறியோடு அள்ளிக் கூட்டுக்குள் போட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் பாலாய்க் கலங்கிவிட்டது. மெலிந்தது மணலில் படுத்துக் கிடந்தது. கடற்குதிரை படுக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அண்ணா, மாமா அடிப்பாரா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதரை எனக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

அப்பா கூட்டைப் பார்த்தார். அலுமாரிக்குப் பின்னால் தெரிந்த சின்னக் காலைப் பார்த்தார். வண்டியரைக் கோலி ஒரு சட்டிக்குள் விட்டுவிட்டு வாளியைத் தூக்கினார். நானும் அம்மாவும் குடத்தோடு போனோம். கடலுக்கும் வீட்டுக்குமாக நடந்து, தெளியவைத்து, வடித்து ஊற்றினோம். கடைசி வாளியை அப்பா வேண்டுமென்றே அலுமாரியடியில் வைத்தார்.

"ஒருக்கால் பிடிங்கோ மகள். தனியத் தூக்க ஏலாமக் கிடக்கு."

வள்ளத்தையே தோளால் தள்ளுகிற மனிதர். அவள் வெளியே வந்து வாளியின் விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைக் கூட்டடிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் காற்று விழுந்தது. அதற்கடுத்த விடியற்காலையில் அப்பா எங்களை எழுப்பினார். வண்டியர் புல்லை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக வளைந்துகொண்டிருந்தது. வயிறு சுருங்கியது. அதிலிருந்து புகைபோல ஏதோ பிரிந்தது. புகை இல்லை, பிள்ளைகள். கண்மயிர் அளவில் ஒவ்வொன்றும் முழுக் கடற்குதிரை. தலை, மூக்கு, வால் எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி வளைந்தது, மறுபடி ஒரு புகை. எண்ணப் பார்த்துக் கைவிட்டேன். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"இதுதான் அம்மாவா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"இல்லை மகள். செத்துப்போனதுதான் தாய். இது தேப்பன். தாய் முட்டையைக் குடுக்கும், சுமக்கிறதும் பெறுறதும் தேப்பன்."

"பிள்ளைக்குப் பொய் சொல்லாதேங்கோ" என்று அம்மா சிரித்தார்.

"அந்தோனியார் அறிய" என்று அப்பா அலுமாரியின் உச்சியைக் காட்டினார். நானும் அதைப் பகிடி என்றுதான் எடுத்தேன். தங்கச்சி மட்டும் நம்பினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நான் உங்க வயித்துலயா இருந்தேன்?"

அப்பா "ஓம்" என்றார். "நாலு வரியம் இதுக்குள்ளதான் வைச்சிருந்தனான்." கையை வயிற்றில் வைக்கவில்லை, கொஞ்சம் மேலே வைத்தார்.

அந்தப் பொடிகளுக்கு ஏற்ற பொடி இரையை எந்தச் சேலையாலும் வடிக்க முடியாது. கடலில் விடுவதுதான் வழி. வாளியில் எடுத்துப்போய், புல் தெரிகிற ஆழத்தில் தங்கச்சியே மெல்லச் சரித்தாள். வண்டியரைத் திரும்பக் கொண்டுபோவோம் என்று அப்பா சட்டியில் தனியாக வைத்திருந்தார். அவள் சட்டியைக் காட்டினாள்.

"அப்பாவையும் விடுங்க மாமா. அதுங்க தனியா பயப்படும்."

விட்டார். தண்ணீரில் கொஞ்சம் நின்று, புல்லோடு புல்லாய் அது மறைந்தது. அதன் பிறகு அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வாளியைக் கழுவத் தொடங்கினார். திரும்பத் திரும்பக் கழுவினார்.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. நாங்கள் மறுபடி ஓடினோம், பல தடவை. கடைசிச் சண்டையும் முடிந்து, தடுப்பு முகாமில் நெடுநாள் இருந்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, என் மகன் தாயின் பின்னால் நின்று "ஆரம்மா இவர்?" என்று கேட்டான். இப்போது அவன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். ஆனாலும் அவன் வெளியே போய் வரச் சுணங்கினால், அந்தக் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது.

அன்று கடற்கரையில் எனக்கு ஒன்பது வயது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்குப் பசித்தது. நான் போய் அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"வாளி வெளிச்சுப்போச்சு அப்பா. கழுவினது காணும், வாங்கோ" என்றேன்.