இன்ஷிராஹ் தேடிப் போகும் குழாய்கள்

யாரைக் கண்டாலும் இன்ஷிராஹ் முதலில் கீழிமையை இழுத்து வெண்விழியில் மஞ்சள் தெரிகிறதா என்றுதான் பார்ப்பாள். சலாம் எல்லாம் பிறகு. தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்கும் இதே சோதனை நடந்தது.

மன்சூரா நகரில் ஒரு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். பித்தநாளத்தில் அறுவை முடிந்தவர்களுக்கு ரப்பர் குழாய் வழியே பித்தம் வெளியே ஒரு பையில் வடியும். நிறத்தைப் பார்த்தே, "இது நல்ல ஆலிவ் எண்ணெய்", "இது சாக்கடை, டாக்டரைக் கூப்பிடு" என்பாள். வெளியே தொங்கும் குழாயை யாரும் மறப்பதில்லை. நாளம் சுருங்காமலிருக்க உள்ளே வைத்தனுப்பும் சின்னக் குழாயான ஸ்டென்ட்தான் அவள் கவலை. வலி நின்றதும் ஜனங்கள் அதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் எடுக்காவிட்டால் அது அடைத்து, சீழ் பிடித்து, ஆளையே கொண்டுபோய்விடும்.

"உள்ள இருக்கறது என்ன கல்யாண மோதிரமா, சாகுறவரைக்கும் வச்சிருக்க?" என்று போனில் அதட்டுவாள். போனை எடுக்காதவர்களைத் தேடி விடுமுறை நாளில் கிளம்பிவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரான ஷெர்பீனுக்குப் போனாள். அங்கே கரும்புச்சாறு விற்கும் பஸ்யூனி, ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமாகியும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"வாக்கா! ஒரு கிளாஸ் குடி. பாரு, சிங்கம் மாதிரி இருக்கேன்."

அவள் கிளாஸைத் தொடவில்லை. மேசையைத் தாண்டி எட்டி அவன் இமையை இழுத்தாள். "மஞ்சச் சிங்கம்! கையை ஏன் ஓயாம சொறியுற?"

"கொசுக்கடிக்கா."

"கொசுவா?" என்று உள்ளிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "நேத்து ரெண்டு போர்வை போத்தியும் நடுங்குனாரே, அதுவும் கொசுவா?"

இன்ஷிராஹ் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு வாசலை மறித்து உட்கார்ந்தாள். "இந்த ஆளு என்கூடக் கிளம்புறவரைக்கும் இங்க யாருக்கும் சாறு கிடையாது."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், பக்கத்துக் கடைக்குப் போனார்கள். கடைசியில் பஸ்யூனி யந்திரத்தை நிறுத்தினான். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, போன தடவை இத வைக்க அந்தக் கேமராக் குழாயத் தொண்டைக்குள்ள விட்டப்போ மூச்சே நின்னுபோச்சுன்னு நெனச்சேன். கத்தி வைக்கிறதுன்னாக்கூட வர்றேன். திரும்ப அது மட்டும் வேணாம்."

"பயந்தானா? இதச் சொல்லித் தொலைக்க அஞ்சு மாசமா?" அவளே எழுந்து ஷட்டரைக் கீழே இழுத்தாள்.

அன்று மாலையே ஸ்டென்ட் வெளியே வந்தது. கறுத்த கசடு அதை முழுக்க அடைத்திருந்தது. பின்னால் தேங்கியிருந்த பித்தம் சீழோடு கொட்டியது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மயக்கம் தெளியாத பஸ்யூனி அவளுடைய வலது கையை இறுகப் பற்றியிருந்தான். யாரோ படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். இன்ஷிராஹ் பேனாவை இடது கையில் வாங்கி, கோணலாகத் தன் பெயரைக் கிறுக்கிக் கொடுத்தாள்.