கைக்காரியின் முறை

அந்தச் சட்டைக் கம்பெனியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலர் தைப்பவள் காலர் அக்கா. பொத்தான் துளை போடுபவள் காஜா. தோளில் கை ஏற்றுகிற இவள் கைக்காரி. "நீ ஒருநாள் லீவு போட்டா எல்லாச் சட்டையும் பனியனாத்தான்டி போகும்" என்று காஜா அடிக்கடி சொல்வாள். பழைய ஜோக்தான். முன்பெல்லாம் கைக்காரியும் சிரிப்பாள்.

அவள் கணவன் பெயிண்டர். மூன்றாவது மாடிச் சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. விழுந்த மனிதன் அதன்பிறகு கண் விழிக்கவே இல்லை. மூச்சு ஓடுகிறது, தாடி வளர்கிறது, கூப்பிட்டால் மட்டும் ஆள் இல்லை.

விஷயம் தெரிந்ததுமே காலர் அக்கா கழிவுத் துணியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துத் தான் காலர் தைத்து முடித்த சட்டைப் பண்டலில் கட்டினாள்.

"இது யார் மெஷினுக்கு வருதோ, அந்தப் பண்டல் முடியற வரைக்கும் அவங்க நம்ம கைக்காரி வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணணும். கை தைக்கட்டும், வாயைத் தைக்க வேண்டாம்."

அன்றிலிருந்து சட்டைகள் போகும் வழியெல்லாம் ஜெபமும் போயிற்று. காலரிலிருந்து கைக்கு, அங்கிருந்து பக்கத் தையலுக்கு, அடிமடிப்புக்கு, காஜாவுக்கு. பிறகு டீயோடு சேர்ந்து மறுபடி காலர் அக்காவிடம். "என்னம்மா, பண்டலுக்குப் பொறந்தநாளா, ரிப்பன் கட்டியிருக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "அடையாளம் சார்" என்றாள் காலர் அக்கா. அது பொய்யும் இல்லை.

கைக்காரி அப்படியொன்றும் பக்தி மிகுந்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. விட்டால் ஒருமாதிரி இருக்கும். போனால் விசேஷமாக எதுவும் இருக்காது. ஆனால் இந்தச் சிவப்புத் துணி வந்தபிறகு ஏதோ மாறியிருந்தது. தான் தைத்துக்கொண்டிருக்கும்போதும் யாரோ ஒருத்தி ஜெபத்தில் தன் கணவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில்தான் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படி ஏறினாள். இத்தனை பேர் கேட்டால் கிடைக்காமலா போகும்?

இன்று காலை வேலைக்கு வரும் வழியில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தபோது டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே முழிக்க மாட்டார்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. குழாய் வழியா ஆகாரம் குடுக்க நர்ஸ் கத்துக்குடுப்பாங்க. முதுகுல புண் வராம அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கணும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அவர் இருக்கற வரைக்கும்."

நேராகக் கம்பெனிக்கு வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துணி நின்றுவிடும். சொல்லாவிட்டால், இல்லை என்று ஆகிவிட்ட ஒன்றை இவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதுகுப்பக்கம் காலர் அக்காவின் முணுமுணுப்பு கேட்டது: "எழுந்து நடக்கணும் ஆண்டவரே, எழுந்து நடக்கணும்." ஒவ்வொரு தடவையும் அது கைக்காரியின் கழுத்தில் வந்து விழுந்தது.

பண்டல் வந்தது. சிவப்புத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். ஜெபிக்கவில்லை. தைத்தாள். முடிந்ததும் துணியைக் கட்டாமலே பண்டலை அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிட்டாள்.

பக்கத் தையல்காரி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். இடது கை வலப்பக்கம், வலது கை இடப்பக்கம். ஒன்றல்ல, பண்டல் முழுவதும். கைக்காரி இந்த லைனுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு எவன் நடப்பான்? மொத்தத்தையும் பிரி!" என்று கத்திவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

டீ நேரத்தில் காலர் அக்கா அருகில் வந்தாள். "துணி எங்கடி?"

"போதும்க்கா. நிறுத்திருங்க." டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை.

"டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். நாம விசுவாசத்தை விட்டுரக் கூடாது."

"விசுவாசம் இல்லாமலா அக்கா இவ்வளவு நாள் கேட்டோம்?"

காலர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

காஜாதான் பேசினாள். எந்தச் சாமிக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிக்கொள்பவள். "நான் ஒருநாளும் அவர் எழுந்திரிக்கணும்னு கேட்டதில்ல. எனக்குக் கேக்கத் தெரியாது. துணி வந்தா, இந்தப் புள்ள காலையில சாப்பிட்டாளா, பஸ்ல உக்கார இடம் கெடச்சுதான்னு உன்னை நெனச்சுக்கிட்டே துளை போடுவேன். அதெல்லாம் ஜெபத்துல சேராதுன்னா, மன்னிச்சுக்கங்க. உங்க ஜெபச் சங்கிலி ஆரம்பத்துலேருந்தே அறுந்துதான் கெடக்கு."

"சேரும்" என்றாள் காலர் அக்கா, மெதுவாக.

மணி அடித்தது. காலர் அக்கா கேட்காமலே சில சட்டைகளை எடுத்துப் போய்த் தன் மெஷினில் வைத்துப் பிரிக்கத் தொடங்கினாள். மீதியைக் கைக்காரி சின்னக் கத்தரியால் தையல் தையலாக அறுத்தாள். மடியில் சிவப்புத் துணி கிடந்தது. இன்னும் அவள் முறைதான்.

"ஆண்டவரே, அவர்..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல் இல்லை. எப்போதும் அதன்பின் வருகிற சொல் இன்று செத்துப்போயிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டவரிடம் மறுபடி எந்த முகத்தோடு பேசுவது? அவரைவிட்டால் யாரிடம் பேசுவது? கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

கடைசிச் சட்டையின் கையையும் சரியாக ஏற்றி முடித்தபோது உதடு தானாக அசைந்தது.

"நாளைக்கு வீட்டுக்கு வந்துருவாரு. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். என்னால தனியா முடியாது. கூட இரும்."

பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்புத் துணியைப் பண்டலில் இறுக்கி முடிச்சுப் போட்டு, பக்கத் தையல்காரியிடம் தள்ளினாள்.