பீலிக்கு மேலே குழாய் கிடையாது

ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு லயங்களுக்கும் ஒரே பீலிதான். மலை ஓடையை மறித்து, ஒரு தகர மடையின் வழியே விழ வைத்த தண்ணீர். குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் அதை விட்டால் வேறில்லை.

லீக்ஸுக்கு நல்ல விலை கிடைத்த வருடம், ஒருவர் ஓடையில் ரப்பர் குழாய் செருகித் தன் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோனார். அடுத்தவர் அந்தக் குழாயைத் தொடவில்லை. அதற்கு மூன்றடி மேலே தன்னுடையதைச் செருகினார். மூன்றாமவர் அதற்கும் மேலே. நானும் விலக்கல்ல. டவுனில் வாங்கிய குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எங்கள் குழாய்க்கு மேலே தொழிற்சங்கத் தலைவருடையது மட்டுமே இருந்தது.

மாசியில் பீலி நூலாக இறங்கியது. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். என் அக்கா அரைக் குடத்தோடு வீடு திரும்பினாள். அன்று அவள் பிள்ளைகள் குளிக்கவில்லை. உடுப்பும் துவைக்கவில்லை.

ஞாயிறு காலை, ஐந்தாறு பெண்களோடு அக்கா ஓடைக்கு ஏறினாள். முதலில் பிடுங்கியது எங்கள் குழாயை.

"லீக்ஸ் காஞ்சிடும்க்கா," என்றேன்.

"காயட்டும். தாகத்துக்கு லீக்ஸைப் புழிஞ்சா குடிக்கப் போற?"

எல்லாக் குழாய்களும் வெளியே வந்த பிறகு தலைவர் வந்தார். பெண்கள் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பீலிக்கு மேலே யாருக்கும் குழாய் கிடையாது. பீலியில் விழுந்து மிஞ்சி ஓடும் தண்ணீருக்குக் கீழே ஒரு குழி வெட்டலாம். பாத்திக்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

"எம் பாத்தி மேட்டுல இருக்கு. குழியிலேருந்து தண்ணி மேல ஏறுமா?" என்றார் தலைவர்.

"வாளியில தூக்குங்க. நாங்க தூக்கலையா?" என்றாள் பக்கத்து வீட்டு அண்ணி.

"தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லுவேன்."

"சொல்லுங்க தலைவரே. அவரு வந்தா அவருக்கும் ஒரு குடம் கொடுக்கிறோம். வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. தலைவர் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவருடைய குழாய் மட்டும் மறுபடி ஓடையில் கிடந்தது. அன்று மாலை கொழுந்து எடை போடும் இடத்திலிருந்து பெண்கள் லயத்துக்கு வரவில்லை. கூடையோடு நேரே மேலே ஏறினார்கள். யாரோ தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி கொண்டு வந்திருந்தார்கள். குழாயை முழ நீளத் துண்டுகளாக வெட்டி, விறகு போல அடுக்கித் தலைவர் வாசலில் வைத்தார்கள்.

எங்கள் லீக்ஸில் பாதி காய்ந்தது. மீதிக்கு நான் வாளி தூக்கினேன். முதல் வாரம் தோள் வலித்தது.

குழாயை வெட்டிய மறுநாள், புதன்கிழமை, தலைவர் பீலிக்கே வந்து நின்றார்.

"யாரு வெட்டினது?"

"நாங்கதான்," என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தலைவரே, குடம் நெறைஞ்சிருச்சு."