விடை கேட்காத கணக்கு

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று நான்கு மாடி வீட்டுக்குச் சொந்தக்காரன். இந்த ஊரில் ஓடும் தண்ணீரில் பாதி, நான் போட்ட குழாயில்தான் ஓடுகிறது. ஆனால் இது என் கதை இல்லை. என் மனைவியின் தம்பியின் கதை.

அவன் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். விடாக்கண்டன் என்று நான்தான் பெயர் வைத்தேன். சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தால்கூட, கிடைக்கும்வரை கட்டிலைப் புரட்டுவான். காதோரம் நரைத்தபிறகு முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார்: மேலாண்மைப் படிப்புக்கு இடம் வாங்கினால் மேலாளர் பதவி, இந்த வருடமும் கிடைக்காவிட்டால் அந்தப் பதவிக்கு வெளியாளைக் கொண்டுவந்துவிடுவேன். நுழைவுத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தான். இதுதான் கடைசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

“கணக்குல புலின்னு உங்கக்கா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாளே மாப்ளே, புலிக்கு என்ன காய்ச்சலா?”

“இதுல விடையே கேக்க மாட்டாங்க மாமா. ரெண்டு தகவல் தருவாங்க. அதை வெச்சு விடை கண்டுபிடிக்க முடியுமா முடியாதான்னு சொன்னா போதும்.”

“எங்க, ஒண்ணு படி.”

“ரெண்டு குழாய் சேர்ந்து ஒரு தொட்டியை எவ்வளவு நேரத்துல நிரப்பும்? முதல் தகவல், ஒரு குழாய் தனியா ஆறு மணி நேரத்துல நிரப்பும். அடுத்தது, இன்னொண்ணோட வேகம் அதுல பாதி.”

“ஆறு மணி நேரமா! எவன்டா அந்த பிளம்பர்? ஆளைக் காட்டு, உதைக்கிறேன்.”

அவன் சிரிக்கவில்லை. “ரெண்டு தகவலும் தனித்தனியா போதாது, சேர்த்தா போதும். பார்த்ததும் தெரிஞ்சுடுது மாமா. ஆனா கை நிக்க மாட்டேங்குது.” அதற்குள் நான்கு மணி நேரம் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

“தெரிஞ்சா அடுத்ததுக்குப் போயேன்டா!”

“விடை வராம எப்படி விடுறது? தொகை பொருந்தாம நான் ஆபீஸ்லேர்ந்து கிளம்பினதே இல்லையே.”

முரட்டு வேலைக்காரர்களையெல்லாம் ஒரே அதட்டலில் அடக்கியவன் நான். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, வாயால் சொல்லு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு விரலில் எண்ணத் தொடங்கினான். முதலில் பலமாகச் சிரித்தேன். அவன் உதடு முணுமுணுப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தேர்வன்று என் காரில்தான் கூட்டிப்போனேன். வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னடா?”

“போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்கும் மாமா.”

“அப்புறமென்ன?”

“பாதிக்கு மேல போகவே முடியல. நேரம் முடிஞ்சுடுச்சு.”

மதிப்பெண் போன தடவையைவிடக் குறைவு.

அவனுக்குத் தெரியாமல் முதலாளிக்குப் போன் செய்தேன். “உங்க வீட்டுக் குழாயெல்லாம் என் கைவேலை சார்” என்றேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். என் சொல் எடுபடாத இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

மேலாளர் அறைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாள். அவளுக்கு வேலை பழக்கும் பொறுப்பு இவனுக்கு. ஒன்றுவிடாமல், முழுசாகச் சொல்லிக்கொடுக்கிறானாம்.