அப்பாவின் அறையை எடுத்துக்கொண்ட மகன்

கனடாவில் நான் இருக்கும் வெக்ஸ்போர்ட்டுக்கு அயர்லாந்தில் ஒரு மூத்த வெக்ஸ்போர்ட் இருக்கிறது என்பது இந்தப் பனிக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் பேச ஆளில்லாதவன் கண்டதையும் வாசிப்பான். ஊர்ப்பெயரில் தொடங்கி ஐரிஷ் தெய்வங்களிடம் போய் நின்றேன்.

அவர்களில் ஒருவன் என்றைக்கும் இளைஞன். பிரித்தானியாவின் பழைய குடிகளான கெல்ற்றியர் அவனை மபோனஸ் என்று கும்பிட்டார்கள். மகன் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருளாம். வேல்ஸ்காரரின் கதையில், பிறந்து மூன்றாம் இரவே தாயின் பக்கத்திலிருந்து களவு போகிறான். அயர்லாந்தில் அவன் ஏங்கஸ். அங்கே தன் தகப்பன் யாரென்று தெரியாமல் வேறொருவர் வீட்டில் வளர்கிறான். வளர்ந்தபின் தகப்பனிடம் வந்து, ஒரு பகலும் ஓர் இரவும் தங்க வீட்டைத் தா என்று கேட்கிறான். வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நம்முடைய முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்காவது போனான், இவன் அசையவில்லை. அன்றைக்கு அந்தத் தகப்பன் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனான் என்று நான் வாசித்ததில் ஒரு வரி கிடையாது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. வேறு யார்மேல், என்மேல்தான்.

என்னைப் பெற்றதோடு அம்மா போய்விட்டார். கைக்குழந்தையான என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அப்பா கனடாவுக்கு வந்தார். நான் சித்தப்பாவையே அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தேன். இருபது வயதில், அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப்போட்ட ஸ்பொன்சரில் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் நின்றவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. "இஞ்ச பாருங்கோ" என்று சமாளித்தேன். கடைசிவரை அப்படியே சமாளித்துவிட்டேன்.

சின்ன வீடு. மேலே ஒரே ஒரு படுக்கையறை.

"ஒரு மாசம் பொறுங்கோ, வேலை எடுத்த உடன வேற இடம் பாக்கிறன்" என்றேன்.

"ஓம், ஓம்" என்று சொல்லி, அவர் பேஸ்மென்றுக்கு இறங்கினார்.

அந்த ஒரு மாதம் பத்தொன்பது வருடமானது. வேலை எடுத்தேன், கார் வாங்கினேன், தாடியும் நரைத்தது. வேறு இடம் மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் கீழே போனேன்.

"நீங்கள் மேல போங்கோ. நான் இஞ்ச வாறன்."

"வேண்டாம் தம்பி. இஞ்ச படுத்தா நீ மேல நடக்கிறது கேக்கும். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

எனக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது. ஒருவர் என் காலடியைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்றால் எப்படி நடப்பது? அன்றிலிருந்து தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடந்தேன். கொஞ்ச நாளில் அவர் படியடியில் நின்று, "தம்பி, வீட்டில நிக்கிறியோ?" என்று கேட்கத் தொடங்கினார். தினமும் கேட்டார். கிழவருக்கு வேறு வேலையில்லை என்று எரிச்சல் வரும். "ஓம், நிக்கிறன்!" என்று கத்திவிட்டு என் பாட்டில் இருப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் அவர் போய்விட்டார். ஏங்கஸின் கதையை வாசித்த மறுநாள் மத்தியானம், பேஸ்மென்றுக்குப் போய் அவருடைய கட்டிலில் படுத்துப் பார்த்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. நான் சொக்ஸ் போட்ட நாளிலிருந்து அவருக்கும் ஆளில்லாத இதே வீடுதான் கேட்டிருக்கும்.

"நிக்கிறன் அப்பா" என்றேன்.